இரண்டிலும் 200 மீட்டர்தான்; விலையில் மட்டும் ஏன் பதினைந்து மடங்கு?

ஓரியன்ட் கமாசு ஜப்பான் டைவ் வாட்ச், அதாவது நீருக்கடியில் மூழ்குபவர்களுக்கான வாட்ச், 2019-இல் வந்தது. டியூடர் பிளாக் பே 58 சுவிஸ் டைவ் வாட்ச், 2018-இல் வந்தது. இரண்டின் விவரப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இரண்டும் செல் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். இரண்டிலும் சஃபையர் கண்ணாடி, திருகி மூடும் கிரவுன் (சாவி கொடுக்கும் பக்கக் குமிழ்), ஒரே பக்கம் மட்டும் சுற்றும் பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம்), 200 மீட்டர் ஆழம் தாங்கும் என்ற குறிப்பு. கமாசுவில் கிழமையும் தேதியும் வேறு உண்டு, டியூடரில் அதுகூட இல்லை. ஆனால் கமாசு இருபதாயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் முடிந்துவிடும். டியூடரை ஸ்டீல் செயினோடு வாங்க மூன்றரை லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும்.

இதற்கு இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விலை கூடக் கூட வாட்ச் தண்ணீரை நன்றாகத் தாங்கும் என்பது ஒன்று. எல்லாம் பேருக்குக் கொடுக்கிற காசு என்பது இன்னொன்று. முதல் பதில் தவறு, இரண்டாவது பாதி தவறு. தண்ணீரைத் தடுக்கிற வேலை முதல் இருபதாயிரத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மிச்சக் காசு தண்ணீரோடு சம்பந்தமே இல்லாத வேலைகளுக்குப் போகிறது. அந்த வேலைகள் என்னென்ன என்று தெரிந்தால்தான் அவை நமக்குத் தேவையா என்று முடிவு செய்ய முடியும்.

## டைவ் வாட்ச் எதற்காக வந்தது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல், பிரான்சில் கூஸ்தோவும் கஞ்ஞானும் சேர்ந்து, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியை உருவாக்கினார்கள். அதோடு ஒரு புதுச் சிக்கலும் வந்தது. சிலிண்டரில் இருக்கும் காற்று எவ்வளவு நேரம் வரும், எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும்போது எங்கே நின்று நின்று வர வேண்டும், எல்லாமே நேரக் கணக்கு. கணக்கு தப்பினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளையே முடக்கிவிடும். 1950-களின் தொடக்கத்தில் பிளாங்பெய்ன் ஃபிஃப்டி ஃபேதம்ஸ், ரோலெக்ஸ் சப்மரைனர் என்று அடுத்தடுத்து வந்த வாட்ச்கள் இந்தக் கணக்குக்காகப் பிறந்தவை. ரோலெக்ஸின் தங்கை நிறுவனமான டியூடரும் 1954-இல் தன் முதல் டைவ் வாட்சைக் கொண்டுவந்தது. பிளாக் பே 58-இன் பேரில் உள்ள 58, டியூடர் 1958-இல் விட்ட 200 மீட்டர் மாடலைக் குறிக்கிறது.

இந்தச் சாதியை மற்ற வாட்ச்களிலிருந்து பிரிப்பது பெசல்தான். அது வேலை செய்யும் விதம் இப்படி:

1. தண்ணீருக்குள் இறங்கும் நொடியில் பெசலில் உள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும்.

2. அதன்பின் நிமிட முள் பெசலில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அத்தனை நிமிடம் ஆகிவிட்டது. மனக்கணக்கே வேண்டாம்.

3. பெசல் கடிகாரச் சுற்றுக்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான் சுற்றும். பாறையிலோ படகின் விளிம்பிலோ இடித்துத் தானாகத் திரும்பினாலும், முக்கோணம் பின்னால் போய், உண்மையில் ஆனதைவிட அதிக நேரம் ஆனதாகத்தான் காட்டும். ஆள் சீக்கிரம் மேலே வருவார், அவ்வளவுதான். மறுபக்கமும் சுற்றினால் இருபது நிமிடத்தைப் பத்து என்று காட்டி ஆளைக் கீழேயே வைத்திருக்கும்.

கமாசுவின் பெசல் ஒரு சுற்றுக்கு 120 கிளிக், அதாவது அரை நிமிடத்துக்கு ஒன்று. டியூடரில் 60 கிளிக். எண்ணிக்கையில் மலிவான வாட்ச்தான் முன்னால் நிற்கிறது! ஆனால் திருப்பிப் பார்த்தால் கதை மாறும். டியூடர் பெசல் ஒவ்வொரு கிளிக்கிலும் டக் என்று உட்காரும், முன்னும் பின்னும் ஆடாது. கமாசுவில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கலாம், சில வாட்ச்களில் முக்கோணம் 12-க்கு மிகச் சரியாக நேர் வராமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்பதும் உண்டு. டைவிங் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

## 200 மீட்டர் என்றால் என்ன

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 200 மீட்டர் என்றால் 20 மடங்கு கூடுதல். வாட்ச் கண்ணாடியின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்த ஆழத்தில் கண்ணாடியின் மேல் மட்டும் சுமார் 140 கிலோ எடை உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பயமாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் அங்கே போவதில்லை. டைவிங் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு முதல் சான்றிதழில் கிடைக்கும் எல்லை 18 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்கின் வழக்கமான உச்சவரம்பு 40 மீட்டர். பதினெட்டு மீட்டரில் அதே கண்ணாடிக்கு மேல் வருவது 13 கிலோ.

"200 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அது அசையாத தண்ணீரில்தான், கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும்" என்று ஒரு பேச்சு உண்டு, கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. தண்ணீருக்குள் கையை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசினாலும், அதுவே பெரிய வேகம்தான், கூடுகிற அழுத்தம் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம். நம்ப முடியாத 10 மீட்டர் வேகத்தில் வீசினால்கூட 5 மீட்டர்தான். 200 மீட்டர் வாட்சுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பிறகு ஏன் 100 மீட்டர், 200 மீட்டர் வாட்ச்களிலும் தண்ணீர் போகிறது? காரணங்கள் சாதாரணமானவை. கிரவுனைத் திருகி மூடாமல் விட்டது. பின்மூடியைத் திறந்த கடைக்காரர் பழைய ரப்பர் வாஷரையே திரும்பப் போட்டது. பத்து வருடத்தில் வாஷர் காய்ந்து விறைத்துப் போனது. வெந்நீர்க் குளியலில் உலோகமும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை, கூடவே சோப்பு நுரையும் வாஷருக்கு ஆகாது. விலை எதுவானாலும் இந்தப் பட்டியல் மாறாது. ஓரியன்ட்டிலும் ரப்பர் வாஷர்தான், டியூடரிலும் ரப்பர் வாஷர்தான்.

## முத்திரை யாரிடம் இருக்கிறது

டைவ் வாட்சுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. கடைசியாக 2018-இல் திருத்தினார்கள். குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், சொன்ன ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும், இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் நேரம் படிக்க முடிய வேண்டும், வாட்ச் ஓடிக்கொண்டிருப்பதை இருட்டிலும் காட்ட ஒரு குறி வேண்டும், உப்புநீர், காந்தம், அதிர்ச்சி, சூட்டிலிருந்து குளிருக்கு மாறுவது என்று சோதனைகள் நீளும். முக்கியமான விஷயம், அழுத்தச் சோதனையை மாதிரிக்கு நாலைந்து வாட்சில் செய்தால் போதாது, விற்கும் ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டும். சாதாரண வாட்டர் ரெசிஸ்டன்ட் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 22810-இல் அந்தக் கட்டாயம் இல்லை.

இந்தத் தரத்தைக் காட்டிக்கொள்ளும் வாட்சில் டைவர்ஸ் என்ற சொல்லும் ஆழமும் சேர்ந்து இருக்கும். இப்போது நம் இரண்டு வாட்சின் டயலையும் பாருங்கள். கமாசுவில் வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர் என்று இருக்கிறது. டியூடரில் 200 மீட்டர், 660 அடி என்று இருக்கிறது. அந்தச் சொல் இரண்டிலும் இல்லை. அது இருப்பது செய்கோ டர்ட்டில் என்று ஆட்கள் செல்லமாகக் கூப்பிடும் எஸ்ஆர்பி777 மாதிரியான வாட்சில். அதன் விலை கமாசுவைவிடக் கூட, ஆனால் டியூடரின் பக்கத்தில்கூட வராது. முத்திரை இல்லாததால் டியூடர் மோசம் என்று சொல்லவில்லை. உயர்விலை சுவிஸ் நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சோதனையை நம்பிக்கொண்டு இந்த எழுத்தைப் போடாமல் விடுவது சகஜம். டைவிங் தகுதிக்கும் விலைக்கும் நேர்கோட்டு உறவு கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இன்னொன்று: தொழில்முறையில் டைவிங் செய்கிறவர்கள் இன்று கையில் கட்டுவது டைவ் கம்ப்யூட்டர். ஆழம், நேரம், நைட்ரஜன் கணக்கு மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. இயந்திர வாட்ச் கூட இருந்தால் அது மாற்று ஏற்பாடு, இல்லையென்றால் ஆசை.

## காசு முதலில் போகும் இடம்: உள்ளே ஓடும் மெஷின்

ஆட்டோமேட்டிக் என்றால், கை அசையும்போது உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுற்றி மெயின் ஸ்பிரிங்குக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்து வரும் விசை பல்சக்கரங்கள் வழியாகப் போகும். கடைசியில் பேலன்ஸ் வீல் என்ற சின்னச் சக்கரம், தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் தயவில், இங்குமங்கும் ஊசலாடி அந்த விசையைத் துண்டு துண்டாக வெட்டி விடும். ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் சரியாக ஓடுகிறதா இல்லையா என்பது முழுக்க இந்தச் சக்கரத்தின் கையில்.

கமாசுவில் இருப்பது எஃப் 6922 என்ற மெஷின். மணிக்கு 21,600 துடிப்பு, நொடிக்கு ஆறு. முழுச் சாவியில் 40 மணி நேரம் ஓடும். நிறுவனம் சொல்லும் துல்லியம் நாளுக்கு 25 நொடி முந்துவது முதல் 15 நொடி பிந்துவது வரை. டியூடரில் எம்டி 5402. மணிக்கு 28,800 துடிப்பு, நொடிக்கு எட்டு. 70 மணி நேரம் ஓடும். சுவிட்சர்லாந்தின் சிஓஎஸ்சி என்ற சோதனை அமைப்பில் சான்று வாங்கியது. அங்கே மெஷினைத் தனியாக வைத்து, ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பத்தில், 15 நாள் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். சராசரி நாளுக்கு 4 நொடி பிந்துவதற்கும் 6 நொடி முந்துவதற்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல், கேஸுக்குள் (வாட்சின் உலோகக் கூட்டுக்குள்) பொருத்திய பிறகு 2 நொடி பிந்துவது முதல் 4 நொடி முந்துவது வரை என்ற தன் சொந்த எல்லையை டியூடர் வைத்துக்கொள்கிறது.

சொந்த மெஷின் என்பதால்தான் டியூடர் விலை கூட என்று விளம்பரம் படித்தவர்கள் சொல்வார்கள். அது காரணமாகாது. கமாசுவிலும் ஓரியன்ட்டின் சொந்த மெஷின்தான் ஓடுகிறது. 1950-இல் தொடங்கிய ஓரியன்ட் இப்போது செய்கோ எப்சன் குடைக்குக் கீழே இருக்கிறது, மெஷின்களை லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளுகிறது. டியூடருக்கோ, கெனிசி என்று அதுவே தொடங்கிய நிறுவனத்தில் மெஷின் தயாராகிறது; அதில் ஷனெலுக்கும் பங்கு உண்டு, பிரைட்லிங் மாதிரியான வேறு பிராண்டுகளும் அங்கிருந்து வாங்குகின்றன. ஆகவே சொந்தம் என்கிற வார்த்தையை விட்டுவிட்டு, மெஷினுக்குள் என்ன வேறுபடுகிறது என்று பார்ப்போம்.

1. ஹேர்ஸ்பிரிங்கின் பொருள். டியூடரில் சிலிக்கன், காந்தம் அதைப் பிடிக்காது. கமாசுவில் உலோகக் கலவை. ஸ்பீக்கர், டேப்லெட் கவர், கைப்பை கொக்கி என்று வீடெங்கும் காந்தம்தான். உலோக ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நேற்றுவரை பத்து நொடி முந்திய வாட்ச் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தி ஓடும். பலர் இதை மெஷின் போய்விட்டது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு திசைகாட்டியை வாட்ச் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், ஊசி துடித்தால் காந்தம்தான் பெரும்பாலும் காரணம். காந்தம் இறக்கும் சின்னப் பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வேலை ஒரு நிமிடம்.

2. பேலன்ஸ் வீலைப் பிடித்திருக்கும் விதம். கமாசுவில் அதை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் கை, வேகத்தைத் திருத்த ஒரு நெம்பி. டியூடரில் இரண்டு பக்கமும் திருகிய பாலம், நெம்பி கிடையாது. சக்கரத்தின் விளிம்பில் உள்ள நுண்ணிய திருகுகளை நகர்த்தித்தான் வேகத்தைத் திருத்த முடியும். இது அதிர்ச்சியில் லேசில் கலையாது, ஆனால் திருத்துவதற்கு நேரமும் பழகிய கையும் வேண்டும்.

3. திருத்தும் உழைப்பு. காசு அதிகம் போவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு வாட்சை ஒரே நிலையில் சரியாக ஓடவைப்பது பெரிய விஷயமில்லை. டயல் மேலே பார்க்க, கீழே பார்க்க, கிரவுன் மேலே, கிரவுன் கீழே, செங்குத்தாக என்று எப்படி வைத்தாலும் ஒரே மாதிரி ஓடவைப்பதுதான் வேலை. புவியீர்ப்பு ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தை வேறு மாதிரி இழுக்கும்.

மூன்றாவது அம்சத்தை வைத்து கமாசு வைத்திருப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். பகலில் கையில் இருக்கும்போது வாட்ச் முந்துகிறது என்றால், இரவில் கழற்றி வைக்கும்போது அது பிந்துகிற நிலை எது என்று பார்த்து அப்படியே வைத்தால் போதும். பல வாட்ச்கள் படுக்கவைத்தால் முந்தும், கிரவுன் மேலே இருக்கும்படி ஒருக்களித்து வைத்தால் பிந்தும். ஒரு வாரம் குறித்துவைத்தால் உங்கள் வாட்சின் குணம் தெரிந்துவிடும். செலவு பூஜ்யம்.

சரி, இந்தத் துல்லியம் மூன்று லட்சம் பெறுமா? ஒரு நாளில் 86,400 நொடி. கமாசு தன் மோசமான எல்லையான 25 நொடியைத் தொட்டாலும் பிழை 0.03 சதவீதம்தான். மாதத்துக்கு என்று பார்த்தால் பன்னிரண்டரை நிமிடம், அது கொஞ்சம் உறுத்தும். டியூடர் தன் மோசமான எல்லையில் இரண்டு நிமிடம். ஆனால் மாதம் இருபது நொடிகூடத் தப்பாத, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிறது. துல்லியம்தான் வேண்டுமென்றால் இரண்டையும் வாங்க வேண்டாம்.

40 மணி நேரத்துக்கும் 70 மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றாடத்தில் இதைவிட நன்றாகத் தெரியும். வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்த கமாசு ஞாயிறு காலை பதினோரு மணிக்கு நின்றுவிடும். திங்கள் காலை சாவி கொடுத்து, நேரம் வைத்து, கிழமை வைத்து, தேதி வைத்து, அதிலும் முட்கள் நள்ளிரவை ஒட்டிய சில மணி நேரத்தில் நிற்கும்போது தேதியைத் திருப்பினால் பல் போகலாம் என்பதையும் நினைவு வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். டியூடர் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். நின்றாலும் நேரத்தை மட்டும் வைத்தால் போதும்.

## அடுத்தது: கேஸ், செயின், கை

கமாசு 41.8 மி.மீ. விட்டம், டியூடர் 39 மி.மீ. தடிமன் முதலாவது 13-ஐ நெருங்கும், இரண்டாவது 11.9. இரண்டு மூன்று மி.மீட்டர் என்ன பெரிதா என்று தோன்றும், சட்டைக் கஃபுக்குள் நுழையும்போது தெரியும். மெல்லிய மணிக்கட்டு உள்ளவர்களுக்கு டியூடர்தான் பொருந்தும், பெருத்த கைக்கு கமாசு அழகாகவே உட்காரும், இதில் விலைக்கு வேலை இல்லை.

ஆனால் செயின் வேறு. கமாசு வாங்கியவர்களிடம் ஒரு குறை சொல்லச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் செயினைத்தான் சொல்வார்கள் என்று பந்தயம் கட்டலாம். கேஸோடு சேரும் முனைத்துண்டு மடித்த தகடு, உள்ளே வெற்றிடம். கொக்கி அடித்து வளைத்த தகரம். ஆட்டினால் சலசலக்கும். டியூடர் செயினில் ஒவ்வொரு துண்டும் கெட்டி உலோகம், முனைத்துண்டும் கெட்டி, கொக்கிக்குள் தேய்மானம் தாங்கும் செராமிக் குண்டுகள் இருப்பதால் மூடும்போது ஒரே அழுத்தத்தில் க்ளிக் என்று பிடிக்கும். (பக்கவாட்டில் தெரியும் ரிவெட், அதாவது தறையாணித் தலை, மட்டும் வெறும் அலங்காரம். நான்கு லட்சத்தை நெருங்கும் வாட்சில் பொய் ரிவெட் எதற்கு என்று டியூடர் ரசிகர்களே புலம்புவதுண்டு, நியாயமான புலம்பல்தான்.)

கேஸைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் பணம் போன தடம் தெரியும். பளபளக்கும் பக்கமும் கோடு கோடாகத் தேய்த்த பக்கமும் சந்திக்கும் விளிம்பு டியூடரில் கத்தியால் கீறியதுபோல நேராக இருக்கும், கமாசுவில் அந்த விளிம்பு கொஞ்சம் உருண்டிருக்கும். டயலில் ஒட்டிய மணிக்குறிகளின் ஓரத்திலும் முட்களின் ஓரத்திலும் இதே கதை. கமாசுவை அந்த விலைக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் எது எது என்று வாட்ச் தெரியாதவர்கூடச் சொல்லிவிடுவார்.

## வாட்சுக்கு வெளியே போகும் காசு

மேலே சொன்ன மெஷின், செயின், பாலிஷ் எல்லாவற்றையும் கூட்டினாலும் பதினைந்து மடங்கு வராது. மிச்சம் வாட்சுக்குள் இல்லை.

சுவிஸ் மேட் என்று போட வேண்டுமானால், 2017 முதல் உள்ள விதிப்படி, உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். உலகத்திலேயே சம்பளம் அதிகமான நாடுகளில் ஒன்று அது. அதற்கு மேல் விளம்பரத் தூதர்கள், விளையாட்டு அணிகளுக்கான ஸ்பான்சர்ஷிப், ஏசி போட்ட ஷோரூம், டீலரின் லாபம்.

அப்புறம் வரி. இந்தியாவுக்குள் வரும் கைக்கடிகாரத்துக்கு அடிப்படைச் சுங்கவரி 2018 பட்ஜெட்டில் 10-லிருந்து 20 சதவீதமானது. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல், பிறகு மொத்தத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நூறு ரூபாய் மதிப்புள்ள பொருள் துறைமுகத்திலேயே 144 ரூபாயாகிவிடும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட, எஃப்டா என்ற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பின் நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததும், சுவிஸ் வாட்ச் விலை சரியப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. அவசரப்பட வேண்டாம். வரிக்குறைப்பு ஒரே நாளில் இல்லை, ஏழு ஆண்டுகளில் படிப்படியாக. வருடத்துக்கு மூன்று சதவீதப் புள்ளி மாதிரிதான் குறையும், அதுவும் இறக்குமதி மதிப்பின் மேல், கடை விலையின் மேல் அல்ல. நிறுவனங்கள் வருடா வருடம் ஏற்றும் விலையும், ரூபாய்க்கு எதிராக ஏறும் சுவிஸ் பிராங்கும் சேர்ந்தால் அந்தக் குறைப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். வரி குறையட்டும் என்று வாங்குவதைத் தள்ளிப்போடுவதில் பெரிய லாபம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலீடு என்று சொல்லி விற்பவர்களிடமும் கவனம் தேவை. 2021, 22 வாக்கில் ஸ்டீல் ரோலெக்ஸ் வாட்ச்கள் கடை விலையைவிட அதிகத்துக்கு வெளிச்சந்தையில் கைமாறியது உண்மை. அதைக் காட்டி டியூடருக்கும் அதே கதை சொல்வார்கள். டியூடர் மதிப்பு ஓரளவு நிற்கும், ஆனால் பழையதாக விற்றால் பொதுவாகக் கொடுத்த காசு முழுதாகத் திரும்பாது. கமாசுவுக்கு மறுவிற்பனை என்று பேசவே அதிகம் இல்லை, பாதி விலைக்குப் போனாலும் நஷ்டம் பத்தாயிரத்தைச் சுற்றித்தான்.

## வாங்கிய பிறகு

டியூடர் ஐந்து வருட உத்தரவாதம் தருகிறது, சர்வீஸை ஏறக்குறைய பத்து வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும் என்கிறது. ஆனால் அந்த ஒரு முழு சர்வீஸுக்கு ஆகும் செலவில் ஒரு புதுக் கமாசு வந்துவிடும், மேலேயும் மிஞ்சும். நெம்பி இல்லாத பேலன்ஸும் சிலிக்கன் ஸ்பிரிங்கும் எல்லாக் கடையிலும் கைவைக்கக் கூடியவை அல்ல. கமாசு மெஷினை ஊரில் பழகிய எந்த வாட்ச் மெக்கானிக்கும் திறந்து, துடிப்பை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்து, நெம்பியைக் கொஞ்சம் தள்ளி, நாளுக்குப் பத்து நொடிக்குள் கொண்டுவந்துவிட முடியும். திறந்தால் புது வாஷர் போடச் சொல்லுங்கள், அழுத்தச் சோதனைக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்காதீர்கள்.

கிரவுனைத் திருகும்போது நேரடியாக முன்பக்கம் திருப்பாமல், லேசாக அழுத்தியபடி முதலில் பின்பக்கம் திருப்புங்கள். ஓரிடத்தில் மரை இறங்குவது விரலுக்குத் தெரியும், அங்கிருந்து முன்பக்கம் திருகினால் மரை பிசகாது. கடலில் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, கழுவும்போதே பெசலை ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உப்பு காய்ந்து பெசல் இறுகிப்போகும், மூன்றரை லட்ச வாட்சிலும் அப்படித்தான்.

## அப்போ எது?

நீந்த, மழையில் நனைய, வருடத்துக்கு ஒருமுறை அந்தமானில் டைவிங் போக என்றால் கமாசு தாராளமாகப் போதும். செயின் எரிச்சல் தந்தால் கழற்றிவிட்டு 22 மி.மீ. ரப்பர் பட்டை போடுங்கள், ஆயிரம் ரூபாயில் அதன் பெரிய குறை தீர்ந்தது. துல்லியத்துக்காகவோ ஆழத்துக்காகவோ டியூடர் வாங்குவதாக ஒருவர் தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டால், அந்தக் காரணம் நிற்காது. மெஷினைச் செய்த கைப்பக்குவமும், விளிம்பு நேர்த்தியும், கொக்கி மூடும் சத்தமும், கையில் அளவாக உட்காரும் 39 மி.மீட்டரும் பிடித்து, அந்தக் காசு போனால் வீட்டுச் செலவு தடுமாறாது என்றால் வாங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது நடுவில் நிற்பவை: மெஷின் இருபதாயிரம் தரத்தில், முகம் மட்டும் லட்ச ரூபாய்த் தோரணையில் வரும் வாட்ச்கள். அந்த விலைக்குப் போவதானால் மெஷின் என்ன, துல்லிய எல்லை என்ன, செயின் முனைத்துண்டு கெட்டியா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

இரண்டில் எதைப் பழையதாக வாங்கினாலும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, ஐஎஸ்ஓ சோதனையிலிருந்து எடுத்ததுதான். வாட்சைக் கையால் பொத்தியோ வெயில் படும் ஜன்னலில் சற்று நேரம் வைத்தோ நன்றாக வெதுவெதுப்பாக்கி, கண்ணாடியின் நடுவில் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். துடைத்த இடத்தில் கண்ணாடியின் உட்பக்கம் பனி படிந்தால் உள்ளே ஏற்கெனவே ஈரம் புகுந்திருக்கிறது. புது வாஷர் போட்டு அழுத்தச் சோதனை முடியும்வரை அதை வாளித் தண்ணீரில்கூட முக்கக் கூடாது.